மணத்தை வரவேற்கும் இடம்

ஒரு பெண்ணுக்கு முன்னால் நாக்கை நீட்டப் போகிறோம் என்றால், முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டாமா? ஹென்றியரின் நியாயம் அதுதான். அதில் என்ன பிழை, சொல்லுங்கள் பார்ப்போம். மன்னாரில் பிறந்து, கனடாவில் மொன்றியலின் லாசாலில் தலை நரைத்த மனிதர். வாழ்நாளில் ஒருநாளும் நாக்கு வழிக்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை. அப்படிப்பட்டவரிடம், "ஹென்றி அண்ணை, அந்தச் சீன வைத்தியர் முதல்ல நாக்கைத்தான் நீட்டச் சொல்லுவா" என்று மாதா கோயில் வாசலில் வைத்து, கூடப் பூசைக்கு வருகிற றெஜினா சொல்லிவிட்டால், சும்மா இருப்பாரா? நாக்கு வழிக்கும் தகட்டை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, குமட்டல் வரும்வரை வழித்தார். பிறகு பிரஷ்ஷால் இன்னொரு தரம். நாக்கு செக்கச் செவேலென்று வந்த பிறகே மனம் ஆறி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

நாக்கில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் மூக்கில்.

கொரோனா வந்த அந்த முதல் வசந்தத்தில் அவருக்கும் மனைவி கிறேஸுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அவர் படுத்து எழும்பிவிட்டார். கிறேஸை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது, திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் ஒருவரையும் விடாத காலம். கடைசியில் ஒரு தாதி போன் திரையில் கிறேஸின் முகத்தைக் காட்டினாள். ஹென்றியர் இங்கே இருந்து திரையைத் தடவினார். கையைப் பிடிக்கவா முடியும்? அவருடைய காய்ச்சல் போனபோது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு வெங்காயம் தாளித்தாலும் ஒன்றுதான், குப்பை வாளியைத் திறந்தாலும் ஒன்றுதான்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் கிறேஸின் ஹவுஸ்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. நீலப் பூப்போட்ட பருத்தித் துணி, அம்புலன்ஸ்காரர் வருவதற்குள் அவசரமாகக் கழற்றிப் போட்டது. அடக்கம் முடிந்து வந்து ஹென்றியர் அதை முகத்தோடு சேர்த்து அமுக்கினார். ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய புதுத் துணி மாதிரி வெறுமையாக இருந்தது. பெட்டி குழிக்குள் இறங்கியபோது அழாத மனிதர், அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

மகள் றொஷினிதான் அதைக் கையிலிருந்து வாங்கி மணந்து பார்த்து, "இருக்குதப்பா, அம்மான்ர மணம் இருக்குது" என்றாள். ஹென்றியர் அந்தக் கணமே எழும்பி, இறுக்கிப் பூட்டுகிற பிளாஸ்டிக் பையொன்றைத் தேடி எடுத்து, துணியை உள்ளே வைத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி அலுமாரியில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் கிறேஸின் நினைவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், றொஷினி பையின் ஒரு மூலையை மட்டும் திறந்து மூக்கை வைப்பாள்.

"இருக்குதோ?"

"ஓம் அப்பா, இருக்குது."

"மூடு பிள்ளை, கெதியா மூடு. மணம் போயிடும்."

அவ்வளவுதான் சடங்கு. என்ன மணம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? கிறேஸுக்கு இருப்பது ஒரு மணம்தானே! லாசாலிலேயே பாண் சுடுகிற ஒரு பெரிய தொழிற்சாலையில் பின்னேர வேலை பார்த்தவள் அவள். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, அந்த ஹவுஸ்கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து இருப்பாள். எவ்வளவு கழுவினாலும் கழுத்தடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். புளித்த மா, வேர்வை, தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய். "என்னப்பா, பாணோ நான், மணந்து மணந்து பாக்கிறீங்கள்?" என்று தள்ளிவிடுவாள். அந்தக் கழுத்தடி மணம் அவருக்கு இன்னும் ஒரேயொரு தடவை வேண்டும். ஒரு பழந்துணி எத்தனை காலத்துக்குத்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும்? அது போவதற்குள் மூக்கு திரும்ப வேண்டும். ஹென்றியரின் செபமெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். மற்றதை மாதா பார்த்துக்கொள்வா என்று விட்டுவிட்டார்.

காது மூக்கு டொக்டர் ஒருவர், பொறுத்திருங்கள் என்று சொல்லி, கராம்பும் எலுமிச்சையும் அடைத்த குட்டிப் போத்தல்களைக் கொடுத்து நாளும் மணக்கச் சொன்னார். மணந்தார், மணந்தார், வருடக்கணக்காக மணந்தார். நாக்கு வழிக்கவும் உதவவில்லை. அப்போதுதான் றெஜினா தன்னுடைய முழங்காலைக் குணமாக்கிய லியாங் என்ற பெண் வைத்தியரைப் பற்றிச் சொன்னாள்.

லியாங்கின் இடம் நகரத்தின் மறுபக்கம், வில்லரேயில், ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில். ஹென்றியர் ஆங்கிரிஞோனில் மெத்ரோ ரயில் ஏறி, லியோனல் குறூவில் மாறி, தை மாதத்துப் பனிக்குள் கால் வழுக்காமல் நடந்து போய்ச் சேர்ந்தார். லியாங்குக்குக் குட்டையாக வெட்டிய தலைமயிர், வெள்ளைக் கோட்டு, ஹென்றியரைவிட நன்றாக இளையவர். இரண்டு பேரும் பேசியது பிரெஞ்சில். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் மெதுவாகப் பேசினார்கள், நன்றாக விளங்கியது.

லியாங் முதலில் நாக்கைக் கேட்கவில்லை. கையைக் கேட்டார். ஒரு சின்னத் தலையணையில் ஹென்றியரின் மணிக்கட்டை வைத்து, மூன்று விரல்களை வரிசையாகப் பதித்தார். மெல்லத் தொட்டார், பிறகு கொஞ்சம் அழுத்தினார், பிறகு எலும்புவரை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஹென்றியர் மணிக்கூட்டைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், வைத்தியர் நித்திரையாகிப் போனாரோ என்றும் பார்த்தார். பிறகு மற்றக் கை. இந்த ஊரில் டொக்டர் என்றால் கணினியைப் பார்த்துக்கொண்டே கதைக்கிறவர். இவர் என்னடா என்றால் ஒரு மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். கிறேஸ் போன பிறகு அவருடைய கையை இவ்வளவு நேரம் ஒருவரும் பிடித்ததில்லை. பூசையில் சமாதானம் சொல்வதற்குக்கூட இப்போதெல்லாம் கை கொடுக்காமல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஹென்றியர் மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல காலம், லியாங் கண்ணை மூடியிருந்தார்.

பிறகு நாக்கு. ஹென்றியர் பெருமையோடு நீட்டினார். லியாங் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்து, முகத்தைச் சுருக்கினார்.

"சிவப்பு. மேலே ஒரு படிவும் இல்லை, உரித்த மாதிரி இருக்கிறது" என்றார். "உடம்பில் தண்ணீர் ஒரு பங்கு, நெருப்பு ஒரு பங்கு. யின், யாங் என்று சொல்வோம். ஒன்று குறைந்தால் மற்றது தலை தூக்கும். உங்களுக்குத் தண்ணீர் வற்றிவிட்டது. நுரையீரல் காய்ந்து கிடக்கிறது. மூக்கு என்பது நுரையீரலின் கதவு."

"நான் கேட்டது மூக்குக்கு, மடம். நுரையீரல் நல்லாத்தான் இருக்கு."

"துக்கம் போய்த் தங்குகிற வீடும் நுரையீரல்தான். எங்கள் வைத்தியத்தில் அப்படித்தான் கணக்கு. அது கனகாலம் உள்ளே இருந்தால் கதவு இறுகிவிடும்."

"எனக்குத் துக்கம் எண்டு ஆர் சொன்னது?" ஹென்றியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு மணக்கேல்லை. அவ்வளவுதான்."

லியாங் கட்டிலில் படுக்கச் சொன்னார். மயிரிழை போன்ற ஊசிகளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒன்று, காலில் ஒன்று என்று ஏற்றிக்கொண்டு வந்து, கடைசியில் மூக்கின் இரண்டு பக்கமும், சிரித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் ஏற்றினார். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கனம் மட்டும் இருந்தது.

"இந்த இடத்துக்கும் ஏதும் பேர் இருக்கோ?" என்று ஹென்றியர் அசையாமல் கேட்டார்.

"இருக்கிறது. மணத்தை வரவேற்கும் இடம்."

அட கடவுளே! எவனோ ஒருவன், எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால், மனிதனின் முகத்தைத் தடவிப் பார்த்து இப்படி ஒரு பேர் வைத்திருக்கிறான். வீடு திரும்பும் வழியெல்லாம் ஹென்றியர் கையுறையைக் கழற்றிக் கழற்றி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மெத்ரோவில் எதிரே இருந்த பெண் அவருக்கு மூக்கு கடிக்கிறது என்று நினைத்திருப்பாள்.

கொடுத்துவிட்ட மருந்து காய்ந்த வேர்களும் லில்லிக் கிழங்கின் இதழ்களும். சட்டியில் போட்டு வற்றக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கற்கண்டு போட்டு அவித்த பெயார்ஸ் பழமும் சாப்பிட வேண்டும். காய்ந்த நெஞ்சை ஈரமாக்கும் வைத்தியமாம். ஹென்றியர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கிழமைக்கொருமுறை வில்லரேக்குப் போனார். போகும் ஒவ்வொரு நாளும் காலையில் தகட்டை எடுத்து, மரியாதையாக, நாக்கைப் பளபளவென்று வழித்துக்கொண்டுதான் போனார்.

ஈரம் வந்தது. தாராளமாக வந்தது. நெஞ்சில் சளி, வயிற்றில் மந்தம், தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு பாரம். முன்பு மணக்காத மூக்கு இப்போது மணக்காமல் அடைத்துக்கொண்டும் கிடந்தது.

"அப்பா, போதும். அந்தச் சைனீஸ் மருந்தை விடுங்கோ" என்றாள் றொஷினி. கர்க்லாண்டில் புருசனோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து ஒரு கிழமைக்குச் சமைத்து, உடுப்புகளை மடித்து அலுமாரியில் அடுக்கிவிட்டுப் போகிறவள். "மூக்கு வந்தா வருது, வராட்டி விடுங்கோ. எதுக்கு இந்த விசர் வேலை?"

"உனக்கென்ன, உனக்கு மணக்குது. நீ கதைப்பாய்."

றொஷினி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், அவர் விடாததற்கு மூக்கு மட்டும் காரணமில்லை. அந்த நாடி பிடிக்கும் நேரம் அவருக்கு வேண்டியிருந்தது. கிழமை முழுவதும் அதற்காகக் காத்திருந்தார். இதை அவர் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நான்தான் போட்டு உடைக்கிறேன்.

லியாங்குக்கும் குழப்பம். "உங்கள் நாடி ஒன்று சொல்கிறது, நாக்கு வேறொன்று சொல்கிறது" என்றார். "விரலுக்குக் கீழே எண்ணெய் பூசிய மணி உருளுகிற மாதிரி நாடி வழுக்குகிறது. அது ஈரம் கூடினவனின் நாடி. நாக்கோ காய்ந்தவனின் நாக்கு. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது."

"என்ர உடம்பிலை பொய் சொல்லுற சாமான் ஒண்டும் இல்லை, மடம்" என்றார் ஹென்றியர் விறைப்பாக.

மாசி மாதத்தில் ஒருநாள் தெருவுக்குக் கீழே மாநகரசபையின் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மொன்றியலில் இதெல்லாம் புதினமில்லை. ஆனால் அது லியாங்கிடம் போகிற நாள். காலையில் எழும்பிப் பைப்பைத் திறந்தால் சீ என்று காற்றுத்தான் வந்தது. கேத்தலில் கிடந்த மிச்சத் தண்ணீர் ஒரு தேத்தண்ணிக்கே காணாது. பல் தீட்டவில்லை, நாக்கு வழிக்கவில்லை. போகாமல் விடுவோமா என்று வாசலில் நின்று யோசித்தார். நாடி நினைவுக்கு வந்தது. சால்வையால் வாயை மூடிக்கட்டிக்கொண்டு போனார்.

"நாக்கு?"

"இண்டைக்கு வேண்டாம், மடம்."

"ஏன்?"

"வேண்டாம். அடுத்த கிழமை காட்டுறன்."

"முசியூ ஹென்றி, வாயைத் திறவுங்கள்."

ஹென்றியர் சுவரைப் பார்த்துக்கொண்டு, வெட்கத்தில் காது சிவக்க, நுனியை மட்டும் நீட்டினார். லியாங் முகவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி, இன்னும் நீட்டு என்று சைகை காட்டினார். அடியிலிருந்து நுனிவரை தடித்த வெள்ளைப் படிவு, பால் ஆடை படிந்த மாதிரி. லியாங் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இது எங்கே இருந்தது? இவ்வளவு நாளும் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?"

ஹென்றியருக்குப் பிரெஞ்சில் சொல் வரவில்லை. கையால் நாக்கை வழிக்கிற மாதிரி இழுத்துக் காட்டினார். "ஒவ்வொரு நாளும்" என்றார். "இஞ்ச வர முன்னம் ரெண்டு தரம்."

லியாங் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சிரிக்கிற விசயமில்லை, மடம். ஒரு பொம்பிளைக்கு முன்னால ஊத்தை நாக்கை நீட்டலாமோ? எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்படிச் செய்யமாட்டினம்."

"அந்த ஊத்தைதான் எனக்கு வேண்டியது! நான் அதைத்தானே வாசிக்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு அடங்கி, முகம் வாடியது. "பிழை என்னுடையது. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், மணந்து பார்க்க வேண்டும், தொட வேண்டும். எங்களுக்குப் படிப்பிக்கிற முதல் பாடம் அது. நித்திரையைக் கேட்டேன், தாகத்தைக் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே நனைந்து கிடந்த உங்களுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

வைத்தியம் தலைகீழாக மாறியது. லில்லிக் கிழங்கும் பெயார்ஸும் போய், இஞ்சியும் காரமான வேர்களும் மயிர் போர்த்திய மக்னோலியா மொட்டுகளும் வந்தன. பால் தேத்தண்ணி கூடாது, தயிர் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், நாக்கு வழிக்கக் கூடாது. ஐயோ, அந்தத் தண்டனையை அவர் அல்லவா அனுபவித்தார்! தகட்டை றொஷினியின் கையில் கொடுத்து, ஒளித்து வைக்கச் சொன்னார். ஊசி ஏற்றி முடிந்ததும் லியாங் காய்ந்த மூலிகைப் பஞ்சில் உருட்டிய ஒரு சுருட்டைப் பற்றவைத்து, முழங்காலுக்குக் கீழேயும் தொப்புளுக்கு மேலேயும் தோலில் படாமல் பிடிப்பார். மொக்சா என்று பேர். அறையெல்லாம் புகை கட்டும். சூடு மெல்ல உள்ளே இறங்கும், ஹென்றியர் கண் அயர்ந்துவிடுவார்.

சித்திரை பிறந்து, பனி அழுக்குக் குவியலாகச் சுருங்கியிருந்த ஒருநாள், அப்படிக் கிடந்தவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"மடம், ஏதோ எரியுது!"

லியாங் சுருட்டை விலக்கிவிட்டு அவரையே பார்த்தார். "அது முதல்நாளிலிருந்தே எரிகிறது" என்றார் மெல்ல.

ஹென்றியர் படுத்தபடியே அழுதார். ஊசி குத்தியிருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. லியாங்தான் துடைத்துவிட்டார்.

வைத்தியத்தால் வந்ததோ, தானாக வரும் காலத்தில் வந்ததோ, யாருக்குத் தெரியும்? டொக்டரைக் கேட்டால் அவர் தன்னுடைய போத்தல்களைச் சொல்வார். ஹென்றியருக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம். வெளியில் வந்தார். பனி கரைந்த தெருவில் மாரி முழுக்கப் புதைந்து கிடந்த நாய்ப்பீயும் அழுகிய இலையும் நாறிக்கொண்டிருந்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற நாள். மனிதர் நடுநடைபாதையில் நின்று, அந்த நாற்றத்தை மூச்சு முட்ட இழுத்தார். மெத்ரோவில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை, பக்கத்தில் ஒருவனின் வியர்வை, யாரோ உரித்த தோடம்பழம். ஒவ்வொன்றும் பேர் சொல்லிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம்தான், கிறேஸ், வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருடைய வாய் முணுமுணுத்தது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அலுமாரியைத் திறந்து, பையை எடுத்து, கட்டிலில் குந்தியிருந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மூலையைத் திறந்தார். மூக்கை வைத்தார்.

பவுடர் மணம். சந்தனச் சவர்க்கார மணம். கொஞ்சம் சாம்பிராணி.

மூக்கை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். பையை முழுவதும் திறந்து, துணியை வெளியில் எடுத்து, கழுத்துப் பக்கம், கக்கத்துப் பக்கம், மடிப்புக்குள் எல்லாம் தேடினார். மாவும் இல்லை, வேர்வையும் இல்லை, எண்ணெயும் இல்லை. எல்லா இடத்திலும் பவுடரும் சந்தனமும்தான், போன மாதம் போட்ட மாதிரிப் புதிதாக இருந்தன. கிறேஸ் பவுடர் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். சீலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, பூசைக்கு வெளிக்கிடும்போது. இந்த ஹவுஸ்கோட்டில் ஒருநாளும் பவுடர் பட்டதில்லை.

றொஷினி!

முதலில் வந்தது கோபம். ஏமாற்றிவிட்டாளே! இவ்வளவு காலமும் இருக்குது, இருக்குது என்று என்னை வைத்துப் பேய்க்காட்டியிருக்கிறாளே! போனை எடுத்தார். எண்ணை அழுத்தப் போனவருக்குக் கை நின்றுவிட்டது.

கிறேஸுக்குப் பின்னேர வேலை. றொஷினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தாய் வீட்டில் இல்லை. தாய் வேலை முடிந்து வரும்போது பிள்ளை நித்திரை. அந்தக் கழுத்தடி மணத்தை அந்தப் பிள்ளை கண்டதே இல்லை. அவளுக்குத் தாய் முழுசாகக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமையில்தான். கோயிலில் தாயின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பூசை முடியும்வரை நிற்பாள். ஏதோ ஒரு வருடம் பையைத் திறந்து, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று கண்டிருக்கிறாள். பக்கத்தில் தகப்பன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவள் என்ன செய்வாள்? பிறகு ஒருநாள் கடை கடையாகப் போய், டப்பா டப்பாவாகத் திறந்து மணந்து, அம்மாவின் மணம் இதுதான் என்று தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து தடவியிருக்கிறாள், அப்பாவின் மூக்கு என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று.

ஹென்றியர் போனை வைத்துவிட்டார். துணியை மடித்து, பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிப் பூட்டினார்.

அடுத்த நாள் பின்னேரம், கிறேஸ் வேலை செய்த பாண் தொழிற்சாலைக்கு நடந்தே போனார். வேலை மாறுகிற நேரம். பின்சுவரில், தலைக்கு மேலே, உள்ளே இருந்து சூடான காற்று வருகிற துவாரம் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே போய் நின்றார். மா, ஈஸ்ட், தகரத்தில் கருகிய ஓரம். தலையில் வலை போட்ட பெண்கள் கதவால் வெளியே வந்தார்கள், ஒருத்தி "பொன்ஜூர்" சொல்லிக்கொண்டு போனாள். ஹென்றியர் கண்ணை மூடினார். முக்கால்வாசி கிறேஸ் வந்துவிட்டாள். மிச்சக் கால்வாசிக்கு அவர் எவ்வளவோ நேரம் காத்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை. மாவும் ஈஸ்ட்டும் உலகத்தில் எங்கேயும் கிடைக்கும். கிறேஸின் வேர்வை எங்கே கிடைக்கும்? அவள் மேல் அவருக்கு ஒரு ஆசை எழும்பி வந்தது பாருங்கள், அந்த வயதில், அந்தச் சுவரோரத்தில், நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

லியாங்கிடம் போனபோது அவர் நாடியைப் பிடித்துவிட்டு, "ஈரம் வடிந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது" என்றார்.

"மணம் வந்திட்டுது, மடம்" என்றார் ஹென்றியர். "அவ வரேல்லை." பிறகு, கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னார். திரையில் தெரிந்த முகத்தை, ஹவுஸ்கோட்டை, பவுடரை.

"என் ஊசி கதவுவரைதான் போகும்" என்றார் லியாங். "வீட்டுக்குள்ளே இருப்பதை என்னால் எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்கவுமில்லை." நாடி பார்த்து முடிந்த பிறகும் விரல்களை எடுக்கவில்லை. ஹென்றியரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நினைவுப் பூசை அந்த மாதக் கடைசியில் வந்தது. மூக்கு திரும்பிய கதையை அவர் மகளிடம் சொல்லியிருக்கவில்லை. பூசை முடிந்து இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். றொஷினி கோட்டைக் கழற்றிவிட்டு, வழமைபோல அலுமாரியிலிருந்து பையை எடுத்து வந்தாள். மூலையைத் திறந்து மூக்கை வைத்தாள்.

"இருக்குதோ?"

"ஓம் அப்பா, இருக்குது."

"கொண்டா பாப்பம்."

றொஷினி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு... மணக்குதோ, அப்பா?"

"கொஞ்ச நாளாய். கொண்டா பிள்ளை."

அவளுடைய முகம் வெளிறிவிட்டது. பையை நீட்டினாள். ஹென்றியர் வாங்கி, மூக்கை உள்ளே வைத்து, ஆறுதலாக இழுத்தார். பவுடர். சந்தனம். சாம்பிராணி. கோயிலில் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளை ஒன்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஓம்" என்றார். "அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட்டு நிக்கிற அம்மா."

"அப்பா, நான்... அது அப்பா, நான்தான்..." றொஷினி குமுறி அழுதுகொண்டு அவருடைய தோளில் விழுந்தாள்.

ஹென்றியர் ஒரு கையால் அவளுடைய தலையைத் தடவினார். மற்றக் கையால் பையை அவளிடம் நீட்டினார்.

"மூடு பிள்ளை, கெதியா மூடு" என்றார். "மணம் போயிடும்."